டென்ட்டோடு ஸ்லோவேனியா: ஆல்ப்ஸ் மலையிலிருந்து உப்பளம் வரை, ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்லோவேனியாவின் மேற்கு மூலையிலிருந்து கிழக்கு மூலைக்குக் காரில் நாலு மணி நேரம்தான். அதற்குள் ஆல்ப்ஸ் முகடுகள், மரகதப் பச்சையில் ஓடும் ஆறு, நிலத்துக்கடியில் புகுந்து மறையும் நதிகள், ஏட்ரியாட்டிக் கடலோர உப்பளங்கள், ஹங்கேரி எல்லையோரம் நாரைகள் கூடு கட்டும் சமவெளி எல்லாம் வந்துவிடும். பரப்பு 20,271 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை சுமார் 21 லட்சம். நாட்டில் பாதிக்கு மேல் காடு.

டென்ட்டில் தங்கிப் பார்க்க இதைவிடத் தோதான நாடு ஐரோப்பாவில் எனக்குத் தெரிந்து இல்லை. மலையில் மூன்று நாள் மழை என்றால், ஹோட்டலில் அறை போட்டவர் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டென்ட்காரர் மூட்டையைக் கட்டினால் இரண்டரை மணி நேரத்தில் வெயிலடிக்கிற கடற்கரையில் இருக்கலாம். அதனால் தேதியைப் பிடித்துக்கொண்டு திட்டம் போடாமல் வானிலையைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். கீழே சொல்லியிருப்பதெல்லாம் அந்த ஒரு விஷயத்துக்கான ஏற்பாடுகள்தான்.

எப்போது போகலாம்

பெரும்பாலான கேம்ப்கள் ஏப்ரலில் திறந்து அக்டோபரில் மூடுகின்றன. ஜூலையும் ஆகஸ்டும் உள்ளூர்ப் பள்ளி விடுமுறை. ஏரிக்கரைக் கேம்ப்கள் நிரம்பி வழியும், சாலைகளில் நெரிசல், மலைப்பக்கம் பிற்பகலில் இடி மழை.

என் தேர்வு ஜூன் இரண்டாம் பாதி. இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். மலைப் புல்வெளிகளில் புல் அறுக்காமல் பூவும் புல்லுமாக நிற்கும். சமவெளியில் நாரைக் குஞ்சுகள் கூட்டில் எட்டிப் பார்க்கும். 2,000 மீட்டருக்கு மேல் பனி கொஞ்சம் மிச்சமிருக்கும். ஏரியையும் பள்ளத்தாக்கையும் சுற்றுகிறவர்களுக்கு அதனால் தொல்லை இல்லை. அடுத்தபடியாகச் செப்டம்பர் முதல் பாதி. கடல் நீர் இதமாக இருக்கும், கூட்டம் வடிந்திருக்கும். ஆனால் நாரைகள் ஆகஸ்ட் கடைசிக்குள் தெற்கே கிளம்பிவிடும்.

விசாவும் வண்டியும்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிடச் சான்றும் கேட்பார்கள். வானிலையைப் பார்த்து இடம் மாறப்போகிறவருக்கு இங்கேதான் ஒரு சிக்கல். அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் கேம்ப் முன்பதிவுகளாகப் பார்த்து எடுங்கள். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரான்சில் வதிவிட அனுமதியோடு வாழும் நம்மவர்களுக்குத் தனி விசா தேவையில்லை. காரிலேயே வந்துவிடலாம், மியூனிக்கிலிருந்து பிளெட் ஏரிக்கு நெரிசல் இல்லாவிட்டால் நாலு மணி நேரம். பாஸ்போர்ட்டையும் வதிவிட அட்டையையும் கையில் வைத்திருங்கள். ஷெங்கனுக்குள்ளேயும் சில எல்லைகளில் இப்போது சோதனை நடக்கிறது.

விமானத்தில் வந்தால் தலைநகர் லுப்லியானா, இத்தாலியின் வெனிஸ், குரோஷியாவின் ஸாக்ரெப் மூன்றுமே வசதி. வாடகைக் கார் எடுக்க உங்கள் ஊர் ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கொண்டு வாருங்கள். வெனிஸில் எடுத்த காரை எல்லை தாண்டி ஓட்ட வாடகை நிறுவனத்தின் எழுத்துபூர்வ அனுமதி இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு முன் மின் விக்னெட் என்ற சாலைக் கட்டணச் சீட்டை வாங்கியிருக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் போய், 2022இலிருந்து வண்டி எண்ணோடு இணைந்த மின்பதிவு வந்துவிட்டது. ஏழு நாள், ஒரு மாதம், ஒரு வருடம் என்று கிடைக்கும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவில் தொடங்குகிறது. ஸ்லோவேனியாவில் வாடகைக்கு எடுத்த கார்களில் வழக்கமாக இருக்கும். வெளிநாட்டில் எடுத்ததில் இருக்காது. ஆஸ்திரியாவிலிருந்து கராவாங்கென் சுரங்கம் வழியாக வந்தால் அதற்குத் தனிக் கட்டணம், விக்னெட்டில் அது சேராது. பட்டப்பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம்.

கார் இல்லாமலும் முடியும். லுப்லியானாவிலிருந்து பிளெட், போஹின் இரண்டுக்கும் அடிக்கடி பஸ் உண்டு; கோடையில் வர்ஷிச் கணவாய் தாண்டியும் பஸ் ஓடுகிறது. ஆனால் மழைக்குத் தப்பி இடம் மாறும் வசதி பாதியாகிவிடும்.

என்னென்ன எடுத்துப் போவது

ஜூலை மாதத்திலும் மலைப் பள்ளத்தாக்கில் இரவு 8 டிகிரி வரை இறங்கும். உறக்கப் பை வாங்கும்போது அதன் லேபிளில் மூன்று வெப்பநிலைகள் போட்டிருக்கும். அதில் ‘கம்ஃபர்ட்’ என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். 5 டிகிரி என்றிருந்தால் போதும். ‘எக்ஸ்ட்ரீம்’ என்பது உயிர் பிழைப்பதற்கான அளவு, தூங்குவதற்கு அல்ல. நம்மவர்கள் பையில் காட்டும் கவனத்தைப் பாயில் காட்டுவதில்லை. குளிர் மேலேயிருந்து வருவதைவிட மண்ணிலிருந்துதான் அதிகம் ஏறும். குளிரைத் தடுக்கும் திறனைச் சொல்லும் ஆர் மதிப்பு (R-value) 3 அல்லது அதற்கு மேல் உள்ள காற்றுப் பாய் எடுத்தால் முதுகு பிழைக்கும்.

டென்ட் இரட்டை அடுக்காக இருக்கட்டும். ஏரிக்கரையில் விடியற்காலை வெளித் துணியின் உட்புறம் முழுக்க நீர் கோத்து நிற்கும். ஒற்றை அடுக்கு என்றால் அதெல்லாம் உறக்கப் பையில் சொட்டும்.

டென்ட்டோடு கூடவே கொடுக்கிற மெல்லிய அலுமினிய முளைகளை நம்பாதீர்கள். சோச்சா ஆற்றோரக் கேம்ப்களில் மேலே இரண்டு விரல் கனத்துக்குப் புல், அடியில் ஆறு உருட்டிக் கொண்டுவந்த கூழாங்கல். தென்மேற்கிலுள்ள கார்ஸ்ட் பகுதியில் சுண்ணாம்புப் பாறை. 20 சென்டிமீட்டர் நீள இரும்பு முளைகள் ஒரு டஜனும் சின்னச் சுத்தியலும் வேண்டும். முளையைச் சாய்த்து வைத்து மெல்லத் தட்டுங்கள். ‘டிங்’ என்று சத்தம் வந்தால் கீழே கல். மேலும் அடித்தால் முளை வளையும்; உருவி நாலு விரல் தள்ளிக் குத்துங்கள். எங்கேயும் இறங்கவில்லை என்றால், கயிற்றின் நுனியில் ஒரு குச்சியைக் கட்டித் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் இரண்டு பெரிய கல்லை ஏற்றிவிடுங்கள். காற்றில் அசையாது.

கேம்பில் மின்சாரம் எடுக்க நீல நிற மூன்று முனைப் பிளக் வேண்டும். சாதாரண ஐரோப்பிய பிளக் அதில் சேராது. அடாப்டர் கேபிள் கையில் இருந்தால் நல்லது. சில கேம்ப்களில் முன்பணம் வாங்கிக்கொண்டு வாடகைக்கும் தருவார்கள்.

சமையல்

கேஸ் கேனை விமானத்தில் எந்தப் பையிலும் வைக்கக் கூடாது. அடுப்பை மட்டும் கொண்டுவந்து கேனை இங்கே வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்பில் பழைய எரிபொருள் வாடை இருந்தால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், நன்றாகத் துடைத்து எடுங்கள். கேனில் திருகி மாட்டுகிற வகை, அழுத்தி மாட்டுகிற வகை என்று உண்டு. உங்கள் அடுப்பு எது என்று படம் பிடித்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

இந்தியா, இலங்கையிலிருந்து வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருள் எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. நெய்யும் அதில் அடக்கம். பச்சைக் கறிவேப்பிலை, பச்சை மிளகாய் போன்றவற்றுக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பருப்புப் பொடி, சாம்பார்ப் பொடி, புளிக்காய்ச்சல், அரிசி நொய் கொண்டுவந்தால் தடையில்லை. ஒற்றை அடுப்பில் இருபது நிமிடத்தில் ஆகிற சமையல்தான் கேம்புக்கு ஒத்துவரும்: நொய்க் கஞ்சி, பருப்புச் சாதம், உப்புமா. உள்ளூர்க் கடையில் ‘அய்தோவா காஷா’ என்று கேட்டால் தோல் நீக்கிய பக்வீட் தானியம் கிடைக்கும். வெங்காயம் தாளித்து உப்புமா போலவே கிண்டலாம்.

ஞாயிற்றுக்கிழமை சூப்பர்மார்க்கெட் இல்லை. 2020இல் கொண்டுவந்த சட்டம் ஞாயிறன்று பெரும்பாலான கடைகளை மூடிவிட்டது. பெட்ரோல் பங்க்கில் ரொட்டியும் பாலும் கிடைக்கும், காய்கறி கிடைப்பது கடினம். சனிக்கிழமை மாலைக்குள் இரண்டு நாளைக்கு வாங்கி வைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். குடிநீர் பெறும் உரிமையை 2016இல் தங்கள் அரசியலமைப்பிலேயே எழுதிவைத்த நாடு இது.

கண்ட இடத்தில் டென்ட் போடாதீர்கள்

கேம்புக்கு வெளியே, காட்டிலோ ஆற்றங்கரையிலோ கார் நிறுத்துமிடத்திலோ இரவு தங்கக் கூடாது. ட்ரிக்லாவ் தேசியப் பூங்காவுக்குள் காவலர்கள் ரோந்து வந்து அபராதம் போடுகிறார்கள். நார்வேயில் எங்கும் டென்ட் போடலாம் என்று கேட்டுப் பழகியவர்கள் அதே நினைப்பில் இங்கே வரக் கூடாது. நிலம் சின்னது, வருகிறவர்கள் அதிகம். சோச்சா ஆற்றின் மரகதப் பச்சை இன்னும் அப்படியே இருப்பதற்கு இந்தக் கண்டிப்பும் ஒரு காரணம் என்பதால் எனக்கு இதில் முழுச் சம்மதம்.

கேம்ப் வரவேற்பறையில் பாஸ்போர்ட்டைப் பதிவார்கள். ஆளுக்கு இவ்வளவு, மின்சாரத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் சுற்றுலா வரி என்று கணக்கு. இரவு பத்து, பதினொன்றுக்கு மேல் சத்தம் கூடாது. இதை இங்கே உள்ளவர்கள் மதிக்கிறார்கள். நாலு குடும்பமாகப் போகும்போது நாமும் கவனமாக இருக்க வேண்டும்.

நெருப்பு மூட்டும் ஆசையை அனுமதித்த இடத்தோடு நிறுத்துங்கள். 2022 ஜூலையில் கார்ஸ்ட் பகுதியில் மூண்ட தீ இந்நாட்டு வரலாற்றிலேயே பெரியது. முதல் உலகப்போரில் வெடிக்காமல் மண்ணில் கிடந்த குண்டுகள் அந்த வெப்பத்தில் வெடித்து, தீயணைப்புக்காரர்களை நெருங்கவிடாமல் செய்தன. அந்தப் பகுதியிலும் சோச்சா பள்ளத்தாக்கிலும் நடக்கும்போது துருப்பிடித்த உலோகத் துண்டு எதைக் கண்டாலும் தொடாதீர்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

பாதை: ஐந்து இடம், இரண்டு வாரம்

தினமும் டென்ட்டைப் பிரித்துக் கட்டினால் நாலாவது நாளே அலுத்துவிடும். ஓரிடத்தில் மூன்று இரவு, அங்கிருந்து பகல் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாள்தான் இருக்கிறது என்றால் முதல் மூன்று இடங்களோடு முடித்துவிடலாம்.

முதல் இடம் போஹின் ஏரி, மூன்று இரவு. பிளெட் ஏரி 26 கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும். தீவுக் கோயில், பாறைமேல் கோட்டை, ‘கிரெம்ஷ்னிட்டா’ என்ற பாலேடு கேக் எல்லாம் அரை நாளில் பார்த்துச் சாப்பிட்டு முடித்துவிடலாம். தங்குவதற்குப் போஹின்தான். நாலு கிலோமீட்டர் நீளம், மூன்று பக்கமும் மலை, தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருப்பதால் கரையில் கட்டடக் குவியல் இல்லை. மேற்குக் கோடியில் உகன்ட்ஸ் பக்கத்துக் கேம்பிலிருந்து எழுந்து நாலு எட்டு வைத்தால் தண்ணீர்.

முதல் நாள் ஏரியைச் சுற்றி நடந்துவிடுங்கள், சுமார் 12 கிலோமீட்டர். வடகரை காட்டுப் பாதை, வண்டிச் சத்தம் கிடையாது. இரண்டாம் நாள் காலையில் சவிட்சா அருவி. ஐந்நூறுக்கு மேல் படி ஏற வேண்டும், 78 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. வானம் தெளிவாக இருந்தால் அன்றே கேபிள் காரில் 1,535 மீட்டர் உயர வோகெலுக்குப் போங்கள். நாட்டின் உச்சியான 2,864 மீட்டர் ட்ரிக்லாவ் எதிரே நிற்கும். மேகம் மூடியிருந்தால் அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து, மோஸ்ட்னிட்சா ஆற்று இடுக்கில் நடக்கலாம். மேகமூட்டத்தில்கூட அழகாகத்தான் இருக்கும். ட்ரிக்லாவ் உச்சி இந்த மாதிரிப் பயணத்தில் சேராது. இரும்புக் கயிறு பிடித்து ஏறும் பகுதிகள் உண்டு, தலைக்கவசமும் அனுபவமும் வழிகாட்டியும் வேண்டும்.

இந்தப் பக்கத்து மலைகளில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடங்கள் உண்டு. ஏட்ரியாட்டிக்கிலிருந்து வரும் ஈரக் காற்று முதலில் மோதுவது இந்தச் சுவரில்தான். இங்கே தொடர்மழை என்று தெரிந்தால் தயங்காமல் மூன்றாவது இடத்துக்கு முதலில் போய்விட்டு, பிறகு திரும்பி வாருங்கள்.

இரண்டாம் இடம் சோச்சா பள்ளத்தாக்கு, மூன்று இரவு. போக இரண்டு வழி. ஒன்று, போஹின்ஸ்கா பிஸ்ட்ரிட்சாவிலிருந்து மோஸ்ட் நா சோச்சிக்குப் போகும் கார் ரயில். வண்டியை ரயில் பெட்டியில் ஏற்றிவிட்டு, மலையடியில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் சுரங்கத்தைக் கடக்கலாம். 1906இல் திறந்த பாதை. பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவதால் ஓடுகிறதா என்று முன்பே பாருங்கள். இன்னொன்று, க்ரான்ஸ்கா கோராவிலிருந்து வர்ஷிச் கணவாய். 1,611 மீட்டர் உயரம், 50 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் எண்ணும் உயரமும் எழுதிய பலகை. வடபக்க வளைவுகளில் கல் பாவியிருக்கும், மழையில் வழுக்கும், இரண்டாவது கியரில் மெதுவாகப் போங்கள். கேரவன் இழுத்து வருகிறவர்களுக்கு இந்தப் பாதை வேண்டாம்.

எட்டாவது வளைவில் சின்ன மரத் தேவாலயம் ஒன்று இருக்கிறது. முதல் உலகப்போரில் இந்தச் சாலையைப் போட்டவர்கள் ரஷ்யப் போர்க் கைதிகள். 1916 மார்ச்சில் பனிச்சரிவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் புதைந்துபோனார்கள். உயிரோடிருந்தவர்கள் கட்டிய தேவாலயம் அது. கட்டாயம் வண்டியை நிறுத்துங்கள்.

கணவாய் இறங்கினால் ட்ரெண்டா. அங்கிருந்து சோச்சா ஆறு கூடவே வரும். அடியிலுள்ள வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் பனி உருகிய தெளிந்த நீரும் சேர்ந்து கொடுக்கிற அந்தப் பச்சை நீலத்தை மதிய வெயிலில் பார்க்க வேண்டும். சோச்சா கிராமத்தை ஒட்டி 750 மீட்டர் நீளத்துக்குப் பாறையை அறுத்துக்கொண்டு போகிறது. சில இடங்களில் தாவிக் கடந்துவிடலாம் போல அவ்வளவு குறுகல். ஆழம் 15 மீட்டர் வரை உண்டு, ஓரத்துப் பாறையில் நிற்காதீர்கள். தண்ணீர் நடுக்கோடையிலும் எலும்பைக் குடையும். முழங்கால் வரை நனைத்துவிட்டுக் கரையேறுவது உத்தமம். இழுப்பும் குளிரும் சேர்ந்தால் நன்றாக நீந்துகிறவர்களுக்கே கை கால் மரத்துப்போகும். ஆற்றில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் போவெட்ஸில் உள்ளூர் வழிகாட்டிகளோடு ராஃப்டிங் போங்கள், ரப்பர் உடை முதற்கொண்டு அவர்களே தருவார்கள்.

டென்ட்டுக்கு போவெட்ஸ், கோபாரிட் இரண்டில் எனக்குக் கோபாரிட் பிடிக்கும். கேம்பிலிருந்து நடந்தே கோசியாக் அருவிக்குப் போகலாம். 15 மீட்டர்தான் உயரம், ஆனால் குகை மாதிரிக் கவிந்த பாறைக் கூடத்துக்குள் விழுகிறது. போகிற வழியில் போர்க்காலப் பதுங்கு குழிகள். 1915 முதல் 1917 வரை இத்தாலிக்கும் ஆஸ்திரிய ஹங்கேரிக்கும் இந்த ஆற்றோரம் பன்னிரண்டு சண்டைகள். கோபாரிட் ஊரின் அருங்காட்சியகம் அதை எந்த நாட்டுப் பக்கமும் சாயாமல், சிப்பாய்களின் பக்கம் நின்று சொல்கிறது. மழை நாளுக்கு என்று அதை ஒதுக்கி வையுங்கள். இரண்டு மணி நேரம் கொடுத்தாலும் தகும்.

மூன்றாம் இடம் கார்ஸ்ட்டும் கடலும், மூன்று இரவு. டொல்மின், நோவா கோரிட்சா, விபாவா பள்ளத்தாக்கு வழியாகக் கடற்கரைக்கு இரண்டரை மணி நேரம். நோவா கோரிட்சாவுக்கு முன்னால் சோல்கான் ரயில் பாலம், 85 மீட்டர் கல் வளைவு, ஒரு நிமிடம் நின்று பாருங்கள். விபாவாவில் ‘புர்யா’ என்ற வடகிழக்குக் காற்று பேர்போனது. குளிர்காலத்தில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். கிராமத்து ஓட்டுக் கூரைகளில் கல் அடுக்கி வைத்திருப்பது அதற்காகத்தான். முன்னறிவிப்பில் புர்யா என்று இருந்தால் அன்றைக்கு இந்தப் பக்கம் டென்ட் வேண்டாம்.

போஸ்டோய்னா, ஷ்கோட்சியன் என்று இரண்டு பெரிய குகைகள். போஸ்டோய்னா 24 கிலோமீட்டர் நீளம், உள்ளே குட்டி ரயில் ஓடுகிறது. சிறு பிள்ளைகளும் வயதானவர்களும் கூட இருந்தால் அதுவே சரி. இருட்டிலேயே வாழும், கண் மங்கிப்போன ஓல்ம் என்ற நீர்வாழ் உயிரினத்தையும் காட்டுவார்கள். ஆண்டுக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கக்கூடியது. நடக்க முடிகிறவர்கள் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் ஷ்கோட்சியனைப் பாருங்கள். 1986இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ரேகா என்ற ஆறு முழுசாக மலைக்குள் புகுந்துவிடுகிறது. நிலத்தடியில் அது வெட்டிய பள்ளத்துக்கு மேலே, 45 மீட்டர் உயரத்தில் பாலம் கடக்க வேண்டும். கீழே இருட்டில் தண்ணீர் இரைவது காதில் விழும். அந்த ஆறு இத்தாலியில் கடலோரம் திமாவோ என்ற பெயரில் மறுபடி வெளிவருகிறது. வழிகாட்டியோடுதான் விடுவார்கள். உள்ளே 12 டிகிரிதான், வெளியே 32 ஆக இருந்தாலும் ஸ்வெட்டர் எடுத்துப் போங்கள்.

கடற்கரை மொத்தமே 46 கிலோமீட்டர் சொச்சம். லூசியா, ஸ்ட்ருன்யான், அங்கரான் மூன்று பக்கமும் கேம்ப்கள் உண்டு. பிரான் என்ற கடலோரப் பழைய ஊருக்குள் வெளியூர்க் காரை விடமாட்டார்கள். வெளியே நிறுத்திவிட்டு நடங்கள்.

செச்சோவ்லியே உப்பளத்தைத் தவறவிடாதீர்கள். பாத்தியின் தரையில் ‘பெட்டோலா’ என்று ஒரு படலம் வளர்க்கிறார்கள்: பாசி, ஜிப்சம், களிமண் எல்லாம் சேர்ந்து கெட்டிப்பட்ட சில மில்லிமீட்டர் தோல். உப்பு அதன்மேல் படிவதால் சேறு ஒட்டாமல் வெள்ளையாக வருகிறது. அந்தத் தோல் கிழியாதபடி மரச் சட்டத்தால்தான் உப்பை வாரி ஒதுக்குகிறார்கள். சுமார் எழுநூறு ஆண்டுப் பழக்கம் இது. காலையில் சீக்கிரம் போங்கள், நிழல் கிடையாது. தொப்பியும் தண்ணீரும் அவசியம்.

நாலாம் இடம் ப்ரெக்முர்யே சமவெளி, இரண்டு இரவு. கடற்கரையிலிருந்து 300 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம். மலை பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தத் தட்டையான வயல்வெளி ஓய்வு. மொராவ்ஸ்கே டொப்லிட்சேயில் வெந்நீர்க் குளத்தோடு சேர்ந்த கேம்ப் உண்டு. 1960இல் எண்ணெய் தேடித் துளையிட்டபோது பீறிட்ட வெந்நீர் அது. சைக்கிள் வாடகைக்கு எடுத்து, நாரைக் கூடுகளுக்குப் பேர்போன வெலிகா பொலானா கிராமம் வரை போய் வாருங்கள். முரா ஆற்றில் படகுமேல் மிதக்கும் மாவு மில் ஒன்று வெர்ஜெய் ஊரருகே இருக்கிறது. கசகசா, வால்நட், ஆப்பிள், பாலாடைக்கட்டி அடுக்கி ஓவனில் சுட்ட ‘கிபனிட்சா’வை இங்கேயே சாப்பிட வேண்டும். இங்கத்துப் பூசணி விதை எண்ணெய் கரும்பச்சையாக, வறுத்த வாசனையோடு இருக்கும். ஒரு பாட்டில் வாங்கினால் மீதிப் பயணத்துக்கு வெள்ளரிக்காய், தக்காளி எதன்மேலும் ஊற்றிச் சாப்பிடலாம்.

ஐந்தாம் இடம் சாவின்யா பள்ளத்தாக்கு, இரண்டு இரவு. கீழே கேம்பில் தங்கி, பகலில் லோகர்ஸ்கா டோலினாவுக்குப் போங்கள்: பனியாறு செதுக்கிய ஏழு கிலோமீட்டர் பள்ளத்தாக்கு, கோடியில் 90 மீட்டர் ரின்கா அருவி. காருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு.

வானிலை பார்த்து இடம் மாறுவது எப்படி

அரசு வானிலை அமைப்பான ஆர்சோவின் முன்னறிவிப்பை மட்டும் நம்புங்கள். கைபேசியில் தானாக வருகிற பொதுவான செயலிகளுக்கு ஒவ்வொரு பள்ளத்தாக்கின் போக்கும் பிடிபடாது. தினமும் மாலையில் மூன்று நாள் முன்னறிவிப்பைப் பாருங்கள். மலைக்குத் தொடர்மழை, கடலுக்கு வெயில் என்றால் காலையிலேயே கிளம்புங்கள். பிற்பகல் இடி மட்டும்தான் என்றால் மாற வேண்டியதில்லை. ஆறு மணிக்கு எழுந்து, நடையை ஒரு மணிக்குள் முடித்து, டென்ட்டுக்குத் திரும்பிவிட்டால் போதும். நாடு முழுக்க ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் டென்ட்டே வேண்டாம். கேம்ப்களில் மரக் குடில் இருக்கும், அல்லது லுப்லியானாவில் அறை எடுங்கள்.

ஆற்றோர இடம் கேட்டு வாங்குவதில் நமக்கு ஓர் ஆசை உண்டு. 2023 ஆகஸ்ட் 4 அன்று சாவின்யா உட்பட நாட்டின் பெரும்பகுதியை வெள்ளம் அடித்தது. சுதந்திரம் பெற்ற 1991க்குப் பிறகு கண்ட மிக மோசமான இயற்கைப் பேரிடர். மலையாறு ஓர் இரவில் ஏறிவிடும். மழை முன்னறிவிப்பு இருந்தால் கரையிலிருந்து தள்ளி, மேட்டில் இடம் கேளுங்கள். காரின் முகப்பை வெளிவாசல் பார்த்து நிறுத்துங்கள்.

உடம்புக்கும் பாதைக்கும்

இந்நாட்டில் உண்ணி அதிகம், அதன் வழியாக லைம் நோயும் மூளைக் காய்ச்சலும் பரவுகின்றன. மூளைக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, பல வாரம் முன்பே போடத் தொடங்க வேண்டும் என்பதால் டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். புல்லில் நடந்த அன்று மாலை முழங்கால் பின்பக்கம், தொடை இடுக்கு, காதுமடல், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் நுனி மெலிந்த இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் ஊற்றுவது, சூடு வைப்பது வேண்டாம்.

மலைப் பாதையில் வெள்ளைப் பொட்டைச் சுற்றிச் சிவப்பு வளையம் போட்ட குறியைப் பின்தொடருங்கள். நாடு முழுக்க அதே குறிதான். பத்து நிமிடம் நடந்தும் அடுத்த குறி கண்ணில் படவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். அவசர எண் 112. தெற்குக் காடுகளில் கரடிகள் நூற்றுக்கணக்கில் உண்டு. கேம்ப் பக்கம் வருவது அபூர்வம், இருந்தாலும் சாப்பாட்டுப் பையை இரவில் காருக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

கிளம்பும் நாள்

கடைசி நாள் காலை விமானம் என்று வைக்காதீர்கள். டென்ட் காய வேண்டும். பனியில் நனைந்ததை அப்படியே சுருட்டி ஊருக்குக் கொண்டுபோனால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து நாறும். வெயில் ஏறும்வரை, ஒன்பது பத்து மணிவரை கயிற்றில் விரித்துப் போட்டு, அடித்துணியின் மண்ணைத் துடைத்து, முளைகளை எண்ணிப் பையில் போடுங்கள். பாதி மிஞ்சிய கேஸ் கேனை விமானத்தில் ஏற்ற முடியாது. எங்கே வைக்கலாம் என்று வரவேற்பறையில் கேளுங்கள். அன்று வந்து இறங்கிய பக்கத்து டென்ட்காரரிடம் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். குப்பையைக் காகிதம், கண்ணாடி, பொதிகள், உணவுக் கழிவு என்று பிரித்துப் போட வேண்டும், தொட்டிகளில் நிறமும் படமும் போட்டிருக்கும். வாடகைக் காரை ஒப்படைக்கும் முன் ஏழு நாள் விக்னெட் எந்தத் தேதியோடு முடிகிறது என்று பாருங்கள். முடிந்திருந்தால் விமான நிலையம் போகும் அந்த அரை மணி நேர நெடுஞ்சாலைக்கும் புதிதாக வாங்க வேண்டும், அல்லது பழைய சாலையைப் பிடித்துக் கொஞ்சம் முன்னதாகக் கிளம்ப வேண்டும்.